எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு வைட்டமின் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா? நிறுத்தும் முன் இதைப் படியுங்கள்

எடைக்குறைப்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டர் கொடுக்கும் சீட்டில் வைட்டமின் மாத்திரைகள் கட்டாயம் இருக்கும். முதல் சில வாரம் ஒழுங்காகப் போடுவார்கள். அப்புறம் ஆரம்பிக்கும் தொல்லை. ஸ்ட்ரிப்பைக் கிழித்தாலே வரும் அந்த பி-காம்ப்ளக்ஸ் வாடை, இரும்புச்சத்து மாத்திரை போட்ட நாளெல்லாம் நாக்கில் துருப்பிடித்த ருசி, மலச்சிக்கல், பெரிய கால்சியம் மாத்திரை நெஞ்சிலேயே நிற்பது போன்ற உணர்வு. 'எடைதான் குறைஞ்சிடுச்சே, இனி எதுக்கு?' என்று ஒருநாள் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறார்கள்.

வடலூர் பக்கம் இதோடு இன்னொரு சிக்கலும் சேரும். வள்ளலார் 1867ல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய ஊர் இது. புலால் மறுத்தவர்கள் மட்டுமே சத்திய ஞான சபைக்குள் போகலாம் என்பது அவர் வகுத்த விதி. அந்த வழியில் வாழும் ஒருவர் சென்னையிலோ புதுச்சேரியிலோ ஆபரேஷன் செய்துகொண்டு ஊர் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் இருக்கும் காப்ஸ்யூலின் கூடு பெரும்பாலும் மாடு அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டின். விஷயம் தெரிந்ததும் அவர் அதைத் தொடமாட்டார். டாக்டரிடம் சொல்லவும் கூச்சப்படுவார்.

இப்படி நின்றுபோகும் மாத்திரையால் என்ன ஆகும்?

ஆயுசுக்கும் ஏன் போட வேண்டும்?

இந்தியாவில் அதிகம் செய்யப்படும் ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையின் சுமார் முக்கால் பங்கு வெட்டி எடுக்கப்படுகிறது. பைபாஸ் ஆபரேஷனில் இரைப்பையைச் சிறு பையாக்கி, சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டி இணைக்கிறார்கள். இரும்பும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படுவது அந்த முதல் பகுதியில்தான். பி12 உடலில் சேர இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதம் வேண்டும். பையே சுருங்கிவிட்டால் அந்தச் சுரப்பும் குறையும். அதோடு ஒரு வேளைக்கு இரண்டு இட்லி இறங்குவதே பெரும்பாடு என்றிருக்கும்போது, சாப்பாட்டிலேயே எல்லா சத்தும் கிடைத்துவிடும் என்பது நடக்காத காரியம்.

அமெரிக்காவின் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை சங்கம் 2016ல் திருத்திய வழிகாட்டுதலின்படி, பைபாஸ், ஸ்லீவ் இரண்டுக்கும் தினமும் கால்சியம் 1,200 முதல் 1,500 மில்லிகிராம், வைட்டமின் டி 3,000 யூனிட், மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம் வேண்டும். பி12 வாய்வழி என்றால் 350 முதல் 500 மைக்ரோகிராம். சாதாரண ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் 2 மைக்ரோகிராம் போதும். ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றால், அந்தப் புரதத்தின் துணை இல்லாதபோது விழுங்கும் பி12ல் நூற்றில் ஒரு பங்குதான் உள்ளே போகும். தெருமுனை மெடிக்கல்ஸில் கிடைக்கும் பல பி-காம்ப்ளக்ஸ் மாத்திரைகளில் 15 மைக்ரோகிராம் மட்டுமே இருக்கும். அதைப் போட்டுவிட்டு 'நான்தான் தினமும் சத்து மாத்திரை போடுறேனே' என்று நினைப்பது ஏமாற்றம்.

முதல் மூன்று மாதம்: வாந்தி வந்தால் விளையாட்டு இல்லை

பி12 குறைபாடு தெரிய வருஷக்கணக்கில் ஆகலாம், ஏனென்றால் கல்லீரலில் சேமிப்பு இருக்கும். பி1 அப்படியில்லை. அதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். ஆபரேஷன் ஆன புதிதில் தொடர்ந்து வாந்தி எடுப்பவர், மாத்திரையும் தங்காமல், சாப்பாடும் தங்காமல் இருந்தால், மூளை பாதிக்கப்படும் 'வெர்னிக்கி' நிலைக்குப் போகலாம். நடை தள்ளாடும், கண் பார்வை இரட்டையாகத் தெரியும், பேச்சில் குழப்பம் வரும். மூன்றும் சேர்ந்து வரும் வரை காத்திருக்கக் கூடாது. தாமதித்தால் ஞாபகசக்தி நிரந்தரமாகவே போய்விடலாம்.

இங்கேதான் நம்ம ஊர் பழக்கம் ஒன்று ஆபத்தாகிறது. வாந்தி, சோர்வு என்றால் பக்கத்து கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொண்டு வருவோம். பி1 இல்லாத உடலில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், மிச்சமிருக்கும் பி1-ஐயும் அது செலவழித்துவிடும். நிலைமை இன்னும் மோசமாகும். அதனால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வாசலிலேயே சொல்ல வேண்டியது: 'எடைக்குறைப்பு ஆபரேஷன் ஆனவங்க, இத்தனை நாளா வாந்தி, பி1 ஊசி தேவையானு பாருங்க.' கூட வருபவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். குழப்பத்தில் இருக்கும் நோயாளியால் இதைச் சொல்ல முடியாது.

பி1 பற்றாக்குறை நம்ம பக்கம் புதுசு இல்லை. தீட்டிய பச்சரிசியை நம்பியிருந்த அந்தக்கால சென்னை மாகாணத்தின் வடக்குக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி நோய் இருந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பித்தன. நெல்லை அவிக்கும்போது உமி, தவிட்டில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுவதுதான் காரணம். ஆனால் ஆபரேஷன் ஆனவருக்குப் புழுங்கல் அரிசி மட்டும் போதாது.

ஒத்துக்கொள்ளாத மாத்திரையை என்ன செய்வது?

மாத்திரையை விட வேண்டாம், வடிவத்தையும் நேரத்தையும் மாற்றுங்கள்.

முதலில் இரும்பு. அதிகம் கைவிடப்படும் மாத்திரை இதுதான். ஃபெரஸ் சல்ஃபேட் வயிற்றைப் பிரட்டினால் ஃபெரஸ் அஸ்கார்பேட் போன்ற வேறு வகைக்கு மாற்றித் தரச் சொல்லலாம். வெறும் வயிற்றில் போட்டால் அதிகம் சேரும் என்பது உண்மை. ஆனால் வாந்தியாக வெளியே போகும் மாத்திரையால் எதுவும் சேராது, அதனால் ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டு ராத்திரி படுக்கும் முன் போட்டுப் பார்க்கலாம். காபி, டீக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் தள்ளி. பால், தயிர், மோரோடு வேண்டாம். மலம் கருப்பாகப் போவது சாதாரணம், ஆனால் தார் போல ஒட்டிக்கொண்டு நாற்றமடித்தால் உள்ளே ரத்தக்கசிவா என்று பார்க்க வேண்டும். எதுவுமே ஒத்துக்கொள்ளவில்லை, ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே போகிறது என்றால், நரம்பு வழியாக இரும்பு ஏற்றும் வழி இருக்கிறது. நம் பெண்கள் பலர் அதைக் கேட்பதே இல்லை. சோர்வை வீட்டு வேலையின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

கால்சியத்தில் கார்பனேட், சிட்ரேட் என்று இரண்டு வகை. கார்பனேட் கரைய இரைப்பை அமிலம் வேண்டும், அதுதான் இப்போது குறைவு. சிட்ரேட்டுக்கு அது தேவையில்லை. ஒரே வேளையில் 500, 600 மில்லிகிராமுக்கு மேல் உடல் ஏற்காது. அதனால் பிரித்துத்தான் போட வேண்டும். இரும்புக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி அவசியம். காலை டிபனுக்குப் பிறகு மல்டிவைட்டமின், 11 மணிக்கு, மூன்றரைக்கு, ஆறரைக்கு கால்சியம், ராத்திரி ஒன்பதரைக்கு இரும்பு என்று போனில் அலாரம் வைத்துக்கொள்பவர்கள் தப்பிக்கிறார்கள். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் அதற்கும் கால்சியம், இரும்புக்கும் நான்கு மணி நேரம் விட வேண்டும்.

விழுங்க முடியாவிட்டால் மெல்லும் மாத்திரை, சிரப், தண்ணீரில் கரைவது, நாக்கின் அடியில் வைப்பது எனப் பல வடிவங்கள் உண்டு. சாதாரண மாத்திரையைப் பொடி செய்யலாமா என்று மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மெதுவாகக் கரைவதற்காகவும், குடலில் போய்க் கரைவதற்காகவும் பூச்சு பூசியவற்றை உடைக்கக் கூடாது. ஆபரேஷன் ஆனவர்களுக்கு அந்த வகைகள் பொதுவாக ஏற்றவையும் அல்ல.

மிட்டாய் போல வரும் கம்மி வகை? ருசிதான். பெரும்பாலானவற்றில் இரும்பு இருக்காது, பி1 இருக்காது, சர்க்கரை இருக்கும். போதாக்குறைக்கு நிறைய கம்மிகள் செய்யப்படுவதே ஜெலட்டினில்தான்.

சைவர்கள் எதைக் கேட்டு வாங்குவது?

உணவுத் துணைப்பொருள் என்று விற்கப்படும் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கலாம். மருந்தாக விற்கப்படுபவற்றில் அந்த அடையாளத்தை எதிர்பார்க்க முடியாது. கடையில் 'காப்ஸ்யூல் வேண்டாம், அதே மருந்து மாத்திரையாகவோ சிரப்பாகவோ இருக்கா?' என்று கேட்பது எளிய வழி. தாவர செல்லுலோஸ் கூடு உள்ள காப்ஸ்யூல்களும் வருகின்றன. லேபிளில் 'எச்.பி.எம்.சி' என்று இருக்கும்.

வைட்டமின் டி-யில் வழவழப்பான குண்டு காப்ஸ்யூலுக்குப் பதில், பாலில் கலக்கும் 60,000 யூனிட் தூள் பாக்கெட் கிடைக்கிறது. ஆனால் அது வாரம் ஒருமுறைக்கான அளவு. தினமும் போட்டால் நஞ்சாகும். டி3 வழக்கமாக ஆட்டு ரோமத்தின் மெழுகிலிருந்து தயாராகிறது. அதற்காக ஆட்டைக் கொல்வதில்லை என்பதால் பலர் ஏற்கிறார்கள். அதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு டி2, பாசியிலிருந்து எடுக்கும் டி3 உண்டு.

பி12 தாவர உணவில் நம்பும்படி கிடைப்பதில்லை. பால், தயிர்தான் சைவரின் வழி, அதுவும் சிறுத்த வயிற்றுக்குப் போதாது. மருந்தில் இருக்கும் பி12 நுண்ணுயிர்களை வளர்த்து எடுக்கப்படுவது, மாமிசம் அல்ல. மாத்திரையே வேண்டாம் என்றால் மாதம் ஒருமுறை 1,000 மைக்ரோகிராம் ஊசி போதும். ஜெலட்டின் பேச்சுக்கே இடமில்லை.

எப்போது டெஸ்ட்?

முதல் வருஷம் 3, 6, 12வது மாதங்களில், பிறகு வருஷம் ஒருமுறை. வெறும் ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு நிறுத்தாமல் ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரத்தத்தில் கால்சியம் சரியாகவே காட்டும், ஆனால் அது எலும்பிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கலாம். பாராதைராய்டு அளவு ஏறியிருந்தால்தான் அந்தத் திருட்டு வெளியே தெரியும்.

ஆபரேஷன் ஆகி ஒன்று, ஒன்றரை வருஷம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வதும் இந்தக் கணக்கில்தான். குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்தவுடனே, கர்ப்பம் தங்கும் வரை காத்திருக்காமல், டாக்டரைப் பார்த்து ஃபோலிக் அமிலம், வைட்டமின் ஏ அளவுகளைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பழைய சீட்டையும், இப்போது போடும் எல்லா ஸ்ட்ரிப்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், போடாமல் விட்டவற்றையும் சேர்த்து.