ஐந்து சான்றுகளும் ஆறாம் எண்ணும்

3 என்னும் எண்ணில் ஒன்றைக் குறைத்து, வர்க்கமாக்கி, மீண்டும் ஒன்றைக் கூட்டினால் 5 கிடைக்கும். 5-க்கும் அவ்வாறே செய்தால் 17. தொடர்ந்து 257, 65,537 என வரிசை வளரும். இவ்வைந்தும், ஒன்றாலும் தம்மாலும் அன்றிப் பிற எண்களால் மீதியின்றி வகுபடாத பகா எண்கள். பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா, இவ்வரிசையில் வரும் எண்கள் அனைத்தும் பகா எண்களே என நம்பினார். ஆயினும், அதற்கான நிறுவல் அவருக்குக் கிட்டவில்லை.

ஆறாம் எண் 4,29,49,67,297. அது பகா எண்தானா என அறிய, 65,536-க்குக் குறைவான ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்க்க நேரிடும். இச்சுமையைக் குறைக்க வழியுண்டு. இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவும் 64-இன் மடங்கைவிட ஒன்று மிகுந்தே இருக்கும் என்பதை ஆய்லர் நிறுவினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என அமைகின்றன. முதல் நான்கும் மீதி தருகின்றன. ஐந்தாவதான 641 மீதியின்றி வகுக்கிறது. ஈவு 67,00,417. 1732-இல் ஆய்லர் இவ்வுண்மையை அறிவித்தபோது, ஃபெர்மாவின் நம்பிக்கை தகர்ந்தது.

இவ்வரிசையில் ஆறாவது பகா எண் ஒன்றை இன்றுவரை எவரும் கண்டறிந்திலர். அப்படி ஒன்று இல்லை என்று நிறுவினாரும் இலர். எடுத்துக்காட்டுகள் எத்துணை பொருந்தினும் அவை நிறுவல் ஆகா. மாறான சான்று ஒன்றே கருத்தை வீழ்த்தப் போதுமானது.