ஓர் அகதி உயிர்கொடுத்த அமெரிக்கக் கார்

அமெரிக்க நாட்டின் அடையாளங்கள் எவை என்று கேட்டால் சுதந்திர தேவியின் சிலை, ஹொலிவூட் திரைப்படங்கள், கொக்காகோலா என்று அடுக்கிச் செல்வோர் ‘கொர்வெற்’ என்னும் ஸ்போர்ட்ஸ் காரையும் அவ்வரிசையில் சேர்ப்பதுண்டு. இருவர் மட்டுமே அமரக்கூடிய, தரையோடு தாழ்ந்து ஓடும் அந்த வாகனத்தை அமெரிக்கர்கள் தங்கள் சொந்தப் பிள்ளையாகவே கருதுகின்றனர். 1969ஆம் ஆண்டு சந்திரனுக்குச் சென்ற அப்பொலோ 12 வீரர் மூவரும் ஒரே நிறத்துக் கொர்வெற் கார்களில் வலம்வந்த படங்களை இன்றும் அவர்கள் பெருமையோடு காட்டுவர்.

ஆயினும், அக்காரின் பிறப்பை ஆராய்ந்து பார்ப்போர்க்கு வியப்பே மிஞ்சும். அதனைச் செய்யும் நிறுவனம் தாங்கி நிற்பது சுவிற்சர்லாந்தில் பிறந்த ஒருவரின் பெயர். அதற்கு வேகத்தையும் உயிரையும் அளித்தவர் ஹிட்லரின் படைகளுக்கு அஞ்சி ஐரோப்பாவை விட்டுத் தப்பிய ஓர் அகதி. அதன் மிகப் புகழ்பெற்ற வடிவத்தை உருவாக்கியோரில் ஒருவர், சிறுவயதில் அமெரிக்க அரசினாலேயே முள்வேலிக்குள் அடைத்து வைக்கப்பட்டவர். இம்மூவரின் கதையையும் சேர்த்து நோக்கினாலன்றி இக்காரின் வரலாறு முழுமை பெறாது.

பெயரை இழந்த மனிதர்

மணிக்கூட்டுத் தொழிலுக்குப் பெயர்போன லா ஷோ-டு-பொன் என்னும் சுவிஸ் நகரில் 1878 டிசெம்பர் 25ஆம் நாள் பிறந்தவர் லூயி செவ்ரொலே. சிறுவயதிலேயே குடும்பத்துடன் பிரான்சுக்குச் சென்ற அவர், அங்கே சைக்கிள் திருத்தும் வேலையில் கைதேர்ந்தார். 1900ஆம் ஆண்டில் கடல் கடந்து முதலில் கனடாவின் மொன்றியலுக்கும் பின்னர் நியூயோர்க்குக்கும் போய்ச் சேர்ந்தார். கார்ப்பந்தய வீரராக அவர் ஈட்டிய புகழைக் கண்ட வில்லியம் டூரன்ற் என்ற வர்த்தகர் அவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, 1911 நவம்பரில் டிட்ரொயிற் நகரில் செவ்ரொலே நிறுவனத்தைத் தொடங்கினார்.

சிறப்பான, விலையுயர்ந்த கார்களைச் செய்யவேண்டும் என்பது லூயியின் விருப்பம். சாமானியரும் வாங்கத்தக்க மலிவான கார்களை விற்கவேண்டும் என்பது டூரன்றின் கணக்கு. இருவருக்கும் ஒத்துவரவில்லை. சில ஆண்டுகளுக்குள்ளேயே லூயி விலகினார். ஆனால் அவருடைய பெயர் விலகவில்லை. அது நிறுவனத்தின் சொத்தாகிவிட்டது. 1918இல் ஜெனரல் மோட்டோர்ஸ் என்னும் பெருநிறுவனத்துள் செவ்ரொலே இணைந்தது. உலகெங்கும் கோடிக்கணக்கான கார்களில் தம் பெயர் பொறிக்கப்படுவதைக் கண்டபடியே, பெருஞ்செல்வம் எதுவுமின்றி 1941இல் டிட்ரொயிற்றில் காலமானார் லூயி.

ஓட்டமில்லாத ஓட்டக்கார்

இரண்டாம் உலகப்போர் முடிந்து நாடு திரும்பிய அமெரிக்கப் படைவீரர்கள் பலர், இங்கிலாந்தில் தாங்கள் கண்ட சிறிய எம்.ஜி., ஜகுவார் கார்களின் மேல் மையல் கொண்டிருந்தனர். அமெரிக்காவிலோ அத்தகைய கார்களைச் செய்வார் மிகச் சிலரே. இக்குறையை நிறைவுசெய்ய எண்ணினார் ஜெனரல் மோட்டோர்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல். அதன் விளைவே கொர்வெற். சிறிய, விரைவான போர்க்கப்பல் ஒன்றின் வகைப்பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

1953 ஜனவரி 17ஆம் நாள் நியூயோர்க்கின் வால்டோர்வ் அஸ்ரோரியா ஹொட்டேலில் நடந்த கண்காட்சியில் அக்கார் முதன்முதலாக மக்கள் முன் வைக்கப்பட்டது. கண்டோர் அனைவரும் மயங்கினர். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ற் நகரில் உற்பத்தி ஆரம்பமாயிற்று. முதலாண்டில் 300 கார்களே செய்யப்பட்டன. அனைத்தும் வெளியே வெண்மை, உள்ளே செம்மை. உடற்பகுதி இரும்புத் தகட்டினால் அன்றிப் பைபர்கிளாஸ் எனப்படும் கண்ணாடி நாரினால் அமைந்திருந்தது. விலை 3,498 டொலர்.

அழகு இருந்தது; ஆற்றல் இல்லை. ஆறு சிலிண்டர் கொண்ட பழைய எஞ்சின் ஒன்றையே சற்று மெருகூட்டி உள்ளே வைத்திருந்தனர். அதன் வலு 150 குதிரைவலு. கியரும் இரண்டே படிகள் கொண்ட தானியங்கி. கதவுகளுக்கு வெளிக் கைப்பிடி கிடையாது. பக்கக் கண்ணாடியும் கிடையாது. மழை பெய்தால் நீர் உள்ளே கசிந்தது. வேகத்தை விரும்பியோர் இதனை எள்ளினர். வசதியை விரும்பியோர் இதனை ஒதுக்கினர். 1954இல் செய்யப்பட்ட 3,640 கார்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஆண்டிறுதியில் விற்பனையாகாமல் தேங்கிக் கிடந்தன. 1955இல் உற்பத்தி வெறும் 700 ஆகச் சுருங்கிற்று. இந்தப் பிள்ளை பிழைக்காது என்றே நிறுவனத்திலும் பலர் முடிவுகட்டினர்.

கண்காட்சிக்கு வந்த அகதி

நியூயோர்க் கண்காட்சியில் அக்காரைக் கண்டு மயங்கியோருள் சோரா ஆர்க்கஸ்-டன்ரோவ் என்பவரும் ஒருவர். 1909ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் புரூசெல்ஸ் நகரில், ரஷ்ய யூதப் பெற்றோர்க்குப் பிறந்தவர் அவர். பிறந்த நாளோ லூயி செவ்ரொலேயைப் போன்றே டிசெம்பர் 25. ரஷ்யப் புரட்சிக் காலத்தின் பசியையும் குளிரையும் சிறுவனாகக் கண்டு வளர்ந்தார். 1927இல் குடும்பம் பேர்லினுக்குப் பெயர்ந்தது. அங்கே 1934இல் பொறியியற் பட்டம் பெற்றார். யூதர்க்கு ஜெர்மனியில் வாழ்வில்லை என்றானபோது பிரான்சுக்குச் சென்றார். 1939இல் போர் மூண்டதும் தம்பியுடன் பிரெஞ்சு விமானப்படையிற் சேர்ந்தார்.

1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. யூதர் ஒருவர்க்கு இதன் பொருள் என்ன என்பதை விளக்கவேண்டியதில்லை. பாரிஸில் நடன மங்கையாக இருந்த அவர் மனைவி எல்பி, நாஜிப் படைகள் நகரை நெருங்கியபோது ஒரு சிறிய எம்.ஜி. காரைத் தாமே ஓட்டிக்கொண்டு தெற்கு நோக்கித் தப்பினார். மார்செய் நகரிலிருந்த ஸ்பானியத் துணைத்தூதரகத்தில் விசா பெற்று, ஸ்பெயினைக் கடந்து போர்த்துக்கலை அடைந்த அக்குடும்பம், அங்கிருந்து நியூயோர்க்குக்குக் கப்பலேறியது. ஒரு முத்திரைக்காகத் தூதரக வாசலிற் காத்து நிற்பதன் கனம் எத்தகையது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்கள் நன்கறிவர்.

புதிய நாட்டிற் சகோதரர் இருவரும் சிறு பட்டறை ஒன்றை நிறுவினர். போர்ட் எஞ்சின்களின் வலுவைப் பெருக்கும் ‘ஆர்டன்’ என்னும் சிலிண்டர்த் தலைகளைச் செய்து விற்றனர். அத்தொழில் நிலைக்கவில்லை. சோரா இங்கிலாந்துக்குச் சென்று சிலகாலம் வேலை செய்தார். மீண்டும் நியூயோர்க் வந்தார். அந்நிலையிலேதான் கொர்வெற்றைக் கண்டார். அதன் வடிவை வியந்தும், அதனை மேம்படுத்தும் வழிகளைக் கூறியும் செவ்ரொலேயின் தலைமைப் பொறியியலாளர் எட் கோலுக்குக் கடிதம் எழுதினார். 1953 மே மாதம் அவர்க்கு அங்கே வேலை கிடைத்தது.

மூட இருந்த கதவு

வேலைக்குச் சேர்ந்த அதே ஆண்டின் டிசெம்பரில் மேலதிகாரிகட்கு அவர் எழுதிய குறிப்பு ஒன்று கார் உலகிற் புகழ்பெற்றது. வேகத்தில் நாட்டங்கொண்ட இளைஞர்கள் போர்ட் கார்களைப் பற்றியே படித்தும் பேசியும் வளர்கின்றனர். நாளை கையிற் பணம் வரும்போது அவர்கள் போர்ட் காரையே வாங்குவர். எனவே வலுமிக்க உதிரிப்பாகங்களை நாம் இப்போதே ஆயத்தமாக அளிக்கவேண்டும் என்பதே அதன் சாரம். கொர்வெற்றைக் கைவிடும் பேச்சு எழுந்த 1954இலும் அவர் வாளாவிருக்கவில்லை. இரண்டு பேர் செல்லும் தண்டர்பேர்ட் காருடன் போர்ட் நிறுவனம் களமிறங்கும் வேளையில் நாம் பின்வாங்குவது தோல்வியை ஒப்புக்கொள்வதாகும் என்று வாதாடினார்.

1955இல் எட் கோலின் குழுவினர் உருவாக்கிய எட்டு சிலிண்டர் எஞ்சின் கொர்வெற்றினுள் வந்தது. வலு 195 ஆக உயர்ந்தது. 1956இன் தொடக்கத்தில் புளோரிடாவின் டேற்றோனாக் கடற்கரை மணலில், தாம் வடிவமைத்த பாகத்தைப் பொருத்திய கொர்வெற்றை மணிக்கு 150 மைல் வேகத்திற் செலுத்திக் காட்டினார் சோரா. அதே ஆண்டிற் சோதனை ஓட்டமொன்றில் நேர்ந்த விபத்தில் அவர் முதுகெலும்பு முறிந்தது. உடலைச் சுற்றிக் கவசம் பூட்டிக்கொண்டு மீண்டும் வேலைக்கு வந்தார். 1957இல் எரிபொருளை நேரே தெளிக்கும் புதிய முறையுடன் எஞ்சினின் வலு 283 ஐ எட்டியது.

எள்ளியோர் அடங்கினர். 1960இல் பிரான்சின் லெ மான் நகரில் நடைபெறும் 24 மணிநேரப் பந்தயத்தில் நான்கு கொர்வெற்றுகள் இறங்கின. அவற்றுள் ஒன்று, எஞ்சின் கொதித்து நின்றுவிடும் நிலையிலும், அதனைச் சுற்றிப் பனிக்கட்டியை அள்ளிக் கொட்டிக் குளிர்வித்தபடி ஓடி, தன் பிரிவில் முதலிடமும் மொத்தத்தில் எட்டாமிடமும் பெற்றது.

முள்வேலிக்குள் வளர்ந்தவர்

1963ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்ரிங்ரே’ என்னும் கொர்வெற்றே இவ்வரிசையில் பேரழகு வாய்ந்தது என்பர். வடிவமைப்புத் தலைவர் பில் மிச்செலின் மேற்பார்வையில் அதனை வரைந்து முடித்தவர் லாரி ஷினோடா. லொஸ் ஏஞ்சல்ஸில் 1930இற் பிறந்த ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். 1942இல், ஜப்பானிய இரத்தம் என்ற ஒரே காரணத்துக்காக ஏறத்தாழ 120,000 பேரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தபோது, கலிபோர்னியாவின் மன்சனார் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட சிறுவர்களில் அவரும் ஒருவர். தன்னை நம்ப மறுத்த நாட்டின் படையிற் பின்னர் சேவையாற்றிய அவரே, அந்நாட்டின் பெருமைக்குரிய காருக்கு வடிவம் கொடுத்தார். முகாம்களில் அடைக்கப்பட்டோரிடம் அமெரிக்க அரசு சட்டபூர்வமாக மன்னிப்புக் கோரியது 1988இலேயே.

அக்காரின் பின்கண்ணாடியை நடுவே ஒரு தண்டு பிளந்து சென்றது. பின்னால் வருவது தெரியாது என்று சோரா எதிர்த்தார். அழகு கெடும் என்று மிச்செல் மறுத்தார். ஓராண்டுக்குப்பின் தண்டு நீங்கியது. விந்தை யாதெனில், குறையாகக் கருதப்பட்ட அந்தப் பிளந்த கண்ணாடியுடன் கூடிய 1963ஆம் ஆண்டுக் கார்களையே இன்று சேகரிப்போர் பெருந்தொகை கொடுத்துத் தேடுகின்றனர். அவ்வாண்டின் உற்பத்தி 21,513.

வலு குறைந்தும் குறையாத புகழ்

1970இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட தூய காற்றுச் சட்டமும் 1973இன் எண்ணெய் நெருக்கடியும் வேகக் கார்களின் வலுவைக் குறைத்தன. நச்சுப்புகையைக் குறைக்கவேண்டியது நியாயமே. ஆயினும் அதற்கேற்ற நுட்பம் அன்று முதிரவில்லை. அளவிடும் முறை மாறியதும் ஒரு காரணமாக, 1971இல் 425 குதிரைவலு வரை காட்டிய கொர்வெற், 1975இல் 165 என்ற அளவுக்கு இறங்கியது. சோரா ஓய்வுபெற்றதும் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே.

ஆனால் விற்பனையோ உயர்ந்தது! 1979இல் 53,807 கார்கள் செய்யப்பட்டன. இவ்வரிசையின் உச்ச எண்ணிக்கை அதுவே. முன்னோர் தேடிவைத்த நற்பெயரைப் பின்னோர் செலவிட்டு வாழ்ந்த காலம் என்று இதனைக் கூறலாம். வேகத்தைக் காட்டிலும் தோற்றமே விலைபோயிற்று. நரை கண்ட செல்வர்கள் இளமையை விலைக்கு வாங்கும் வழி என்ற ஏளனமும் இக்காருக்கு ஒட்டிக்கொண்டது. அவ்வேளை வேலைத்தரமும் மெச்சத்தக்கதாக இருக்கவில்லை.

தேடிவைத்தது தீருமுன் நிறுவனம் விழித்துக்கொண்டது. உற்பத்தி 1981இல் கென்ரக்கி மாநிலத்தின் போலிங் கிறீன் நகருக்கு மாற்றப்பட்டது. 1984இல் முற்றிலும் புதிய வடிவம் வந்தது. 2001இலிருந்து லெ மான் பந்தயத்திற் பிரிவு வெற்றிகளை அடுத்தடுத்து ஈட்டி, ஐரோப்பியக் கார்களின் எதிரே தலைநிமிர்ந்து நின்றது.

இறந்தபின் வென்ற வாதம்

சோராவின் ஆசைகளில் ஒன்று மட்டும் அவர் வாழ்நாளில் நிறைவேறவில்லை. எஞ்சின் முன்னால் இருத்தலாகாது. ஓட்டுநருக்குப் பின்னால், காரின் நடுவே இருக்கவேண்டும் என்பதே அது. பாரம் பின்சில்லுகளின் மேல் அழுந்தினால் அவை தரையை இறுகப் பற்றும். எஞ்சினின் வலு வீணாகாது. 1960களிலேயே இம்முறையிற் சோதனைக் கார்களைச் செய்து ஓட்டிக் காட்டினார். உள்ளபடியே நன்றாக விற்கும் ஒன்றை ஏன் பெருஞ்செலவில் மாற்றவேண்டும் என்று மேலிடம் மறுத்துவிட்டது.

1996 ஏப்ரலில் சோரா மறைந்தார். அவருடைய அஸ்தி போலிங் கிறீனிலுள்ள கொர்வெற் அரும்பொருட்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. 2014 பெப்ரவரியில் அக்கட்டடத்தின் ஒரு மண்டபத்துத் தரை திடீரென உள்வாங்கி எட்டுக் கார்களை விழுங்கியபோது, 1992இற் செய்யப்பட்ட பத்து இலட்சமாவது கொர்வெற்றும் குழியில் வீழ்ந்தது. அதனை மீட்டுச் செப்பனிட்டு மறுபடியும் காட்சிக்கு வைத்தனர்.

2019 ஜூலையில் புதிய கொர்வெற் அறிமுகமாயிற்று. எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்தது. அவ்வமைப்பிலேயே 2025இல் வெளிவந்த சீஆர்1 என்னும் வகை 1,064 குதிரைவலு கொண்டது. 1953இன் முதற் காரைப்போல ஏழு மடங்கு. சோரா வாதாடத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், அவர் கண்ட வழியே இறுதியில் வென்றது.

தஞ்சம் கோரி வருவோர் நாட்டுக்குச் சுமை என்று கூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அன்னார்க்கு மறுமொழியாக நாம் எவரையும் வானளாவப் புகழவேண்டியதில்லை. சோரா கொர்வெற்றைத் தோற்றுவித்தவர் அல்லர். பிறர் பெற்று, பிறரே கைவிட இருந்த ஒன்றைத் தம்முடையதாக ஏற்று வளர்த்தவர். தஞ்சம் தந்த நாட்டுக்கு அவர் செய்த கைம்மாறு அது. செவ்ரொலேயின் பெயரை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்ட அதே தொழில், இந்த அகதியின் பெயரை மட்டும் மறக்க முடியாது போயிற்று. ‘கொர்வெற்றின் தந்தை’ என்றே அமெரிக்கர் அவரை இன்றும் அழைக்கின்றனர்.