ஒரு சாலைக்கு எத்தனை சாட்சிகள்?

தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இயங்கிவருகிறது. கோயில், நடிகர், அரசியல் தலைவர் என்றால் எழுதப் பலர் முன்வருவார்கள். ஒரு மாநில நெடுஞ்சாலையைப் பற்றி எழுத வேண்டும் என்றால், ‘தார் ஊற்றிய தரையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?’ என்று தோன்றும். ஆனால் நகருக்குள் ஓடும் ஒரு நெடுஞ்சாலை கண்ணில் படாத பலவற்றைச் சுமக்கிறது. அரசு கொடுத்த எண், நில அளவை, பழைய நீர்வழி, ஈரநிலம், ஊர்களின் வளர்ச்சி எல்லாம் அதில் அடக்கம். இவற்றைச் சரியாகச் சொல்லும் கலைக்களஞ்சியக் கட்டுரை நல்ல அறிவியல் கட்டுரையாகவும் அமைந்துவிடும்.

சென்னையில் எல்லோரும் ஓ.எம்.ஆர். என்று அழைக்கும் பழைய மாமல்லபுரம் சாலையையே எடுத்துக்கொள்வோம். 2008 முதல் அதன் பெயர் ராஜீவ் காந்தி சாலை. மாநில நெடுஞ்சாலைப் பட்டியலில் அதன் எண் 49ஏ. அதைப் பற்றிய கட்டுரை இப்படித் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம்: “சென்னையின் மிக முக்கியமான, எப்போதும் பரபரப்பான சாலை இது. தற்போது பெருங்குடியில் சுங்கச்சாவடி உள்ளது.”

இந்த இரண்டு வரிகளில் இரண்டு கோளாறுகள் உள்ளன. ‘மிக முக்கியமான’ என்பது எழுதுபவரின் கருத்து. அண்ணா சாலைக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். அடுத்தது ‘தற்போது’. அந்தச் சொல்லுக்குத் தேதி கிடையாது. பெருங்குடியில் 2021 ஆகஸ்ட் இறுதியில் கட்டண வசூல் நின்றுபோனது. அன்றிலிருந்து அந்த வரி பொய்யாகிவிட்டது. இரண்டையும் இப்படித் திருத்தலாம்: “மாநில நெடுஞ்சாலை 49ஏ, மத்திய கைலாஷில் தொடங்கி, தரமணி, பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக மாமல்லபுரம் அருகே முடிகிறது. பெருங்குடிச் சுங்கச்சாவடியில் கட்டண வசூல் 2021 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது.” பத்து ஆண்டு கழித்துப் படித்தாலும் இந்த வரிகள் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் அரசாணையோ நாளிதழ்ச் செய்தியோ மேற்கோளாகச் சேர்ந்துவிட்டால், சந்தேகப்படுபவர் தானே சரிபார்த்துக்கொள்ளலாம்.

நீளம் எவ்வளவு?

சாலையின் நீளத்தைத் தேடினால் ஓரிடத்தில் 20.1 கிலோமீட்டர் என்றும், இன்னோரிடத்தில் சுமார் 45 கிலோமீட்டர் என்றும் கிடைக்கும். இரண்டும் சரிதான். மத்திய கைலாஷ் முதல் சிறுசேரி வரை ஆறு வழிச் சாலையாக அகலப்படுத்திய பகுதிதான் 20.1 கிலோமீட்டர். மாமல்லபுரம் வரையிலான முழுச் சாலையை அளந்தால் சுமார் 45. எங்கிருந்து எதுவரை என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதினால், அடுத்து வருபவர் அதைத் தவறு என்று நினைத்து மாற்றுவார். அதற்கடுத்தவர் திரும்பவும் மாற்றுவார்.

கைப்பேசியை எடுத்துக்கொண்டு நாமே அளந்துவிடலாமே? அதில் ஓர் அறிவியல் சிக்கல் இருக்கிறது. ஜி.பி.எஸ். காட்டும் இடம் ஒவ்வொரு முறையும் சில மீட்டர் அங்குமிங்கும் விலகும். நேராகப் போகும் பாதையும் பதிவில் வளைந்து நெளிந்து விழும். நெளிவுகளை எல்லாம் கூட்டினால் உண்மைத் தூரத்தைவிடக் கூடுதலாக வந்து நிற்கும். பிறர் சரிபார்க்க முடியாத சொந்த அளவீட்டைக் கலைக்களஞ்சியமும் ஏற்பதில்லை. நெடுஞ்சாலைத் துறையின் பதிவைக் கேட்கிறது.

சாலைக்கு அடியில் ஓடும் நீர்

இத்தகைய கட்டுரைகளில் பெரும்பாலும் விடுபடுவது நிலமும் நீரும்தான். 2000ஆம் ஆண்டு திறந்த டைடல் பார்க்கில் தொடங்கி நிறுவனங்களின் பட்டியல் நீளும்; சாலை எந்த மண்ணில் கிடக்கிறது என்பது இருக்காது.

வரைபடத்தைப் பாருங்கள். பெருங்குடி, துரைப்பாக்கம் பகுதியில் சாலைக்கு மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். கிழக்கே பக்கிங்காம் கால்வாய். தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழைநீர் ஏரி ஏரியாக நிரம்பி, வழிந்து, இந்தச் சதுப்புநிலத்தை வந்தடைகிறது. அங்கிருந்து கடலுக்குப் போக முக்கிய வழி ஒக்கியம் மடுவு. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் அது ஓ.எம்.ஆர். பாலத்துக்கு அடியில் புகுந்து பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. பிறகு கால்வாய் வழியே தெற்கே திரும்பி, முட்டுக்காடு பக்கம் கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது.

கடல் கிழக்கே மிக அருகில் இருந்தும், நீர் நேரே போக முடியாமல் தெற்கே வெகுதூரம் சுற்றிப் போகிறது. தரையோ கிட்டத்தட்ட சமமட்டம். வடகிழக்குப் பருவமழையின்போது கடலில் ஓதம் ஏறியிருந்தால் முகத்துவாரத்தில் நீர் வடிவது மந்தமாகும். அதன் பாதிப்பு பின்னோக்கி வந்து சாலையோரத் தெருக்களில் நீராகத் தேங்கும். 2015 வெள்ளத்தில் ஓ.எம்.ஆர். பகுதி ஏன் அப்படித் தவித்தது என்பதற்கான விடையில் ஒரு பங்கு இந்த ஒரு பத்தியில் இருக்கிறது. பள்ளிக்கரணை 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் வெளியேற்ற வாயில் ஒரு மாநில நெடுஞ்சாலையின் பாலத்துக்கு அடியில் இருக்கிறது என்று சொல்லாத சாலைக் கட்டுரை அரைக் கட்டுரைதான்.

பக்கிங்காம் கால்வாய்க்கும் தனி வரலாறு உண்டு. 1806இல் சென்னைக்கு வடக்கே எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கிய கால்வாய் பல கட்டங்களாக நீண்டது. 1876–78 பெரும்பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டினார்கள். அப்போதைய ஆளுநரின் பெயர் அதற்கு நிலைத்தது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் சென்ற அந்தக் கால்வாய்க்குப் பக்கத்திலேயே இன்று கார்களும் பேருந்துகளும் ஓடுகின்றன. சென்னை மெட்ரோவின் மாதவரம்–சிறுசேரி சிப்காட் தடமும் தெற்கே இந்தச் சாலையின் மேலேதான் திட்டமிடப்பட்டது. நீர்வழி, தார்ச்சாலை, தண்டவாளம் மூன்றும் வடக்கு தெற்காக ஒரே திசையில் அமைவதற்குக் காரணம், கடலுக்கும் சதுப்புக்கும் நடுவே கிடைத்த நிலம் அவ்வளவு குறுகலானது.

உங்கள் ஊர்ச் சாலை

உங்கள் ஊர் வழியாகவும் ஒரு மாநில நெடுஞ்சாலை போகும். பச்சைத் தலை கிலோமீட்டர் கல் எதிர்ப்பட்டால் அதுதான். தேசிய நெடுஞ்சாலை என்றால் கல்லின் தலை மஞ்சளாக இருக்கும். அந்தக் கல்லையும், சாலை கடக்கும் பாலத்தையும், அதனடியில் ஓடும் ஓடையையும் படம் எடுத்து, எடுத்த தேதியோடு விக்கிப்பீடியாவுக்குக் கொடுங்கள். சொந்த அளவீடுதான் கூடாது; சொந்தப் புகைப்படத்துக்கு வரவேற்பு உண்டு. பிறகு உங்கள் சாலையின் கட்டுரையைத் திறந்து, ஒரு ‘தற்போது’வை நீக்கி ஆண்டைப் போடுங்கள், மேற்கோள் இல்லாத ஒரு வரிக்கு மேற்கோள் தேடிச் சேருங்கள். மழை வந்தால் அந்தச் சாலையின் நீர் எந்த ஏரிக்குப் போகிறது என்பதை ஆதாரத்தோடு ஒரு வரி எழுதுங்கள். அடுத்த தலைமுறை மாணவருக்கு அந்த ஒரு வரி பயன்படும்.