எச்சரிக்கை என்பது ஒரு வினா: கூட்டு மென்பொருளும் தானியங்கிப் பிழைச்சோதனையும்

'வேலை கொடு' என்று ஒரு மாணவர் எழுதுகிறார். 'வேலைக் கொடு' என்று மற்றொரு மாணவர் எழுதுகிறார். முன்னது பணியைக் கேட்கிறது. பின்னது வேல் என்னும் படைக்கலத்தைக் கேட்கிறது. இரண்டும் வழுவற்ற தமிழே. ஆயினும், பணி கேட்க விரும்பியவர் ஓர் ஒற்றெழுத்தைக் கூடுதலாக இட்டுவிட்டால், அவர் கருதிய பொருள் முற்றிலும் மாறிவிடுகிறது. இப்பிழையை அகராதியை மட்டும் துணையாகக் கொண்டு கண்டறிய இயலாது. எழுதியவர் எதைக் கருதினார் என்பதை அறிந்தால்தான் அதனைப் பிழை என்றே சொல்ல முடியும்.

கணினி நிரலிலும் இத்தகைய பிழைகள் உண்டு. சி என்னும் நிரல்மொழியில் ஒரு சமக்குறி இட்டால், 'இந்த மதிப்பை அங்கே வை' என்று பொருள். இரண்டு சமக்குறிகளை அடுத்தடுத்து இட்டால், 'இவ்விரண்டும் சமமா?' என்று பொருள். முன்னது கட்டளை, பின்னது வினா. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரே ஒரு குறிதான்.

2003ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியாகிய கெர்னலின் நிரலில் இந்த ஒரு குறியை வைத்தே ஒரு சூழ்ச்சி நடந்தது. லினக்ஸில் பயனர் எண் சுழியமாக இருந்தால், அவர் அனைத்து உரிமைகளும் பெற்ற நிர்வாகி. 'இப்பயனரின் எண் சுழியமா?' என்று வினவுவதுபோல் தோன்றும் ஒரு வரியை யாரோ நுழைத்திருந்தார். ஆனால் அதில் இருந்தது ஒரே ஒரு சமக்குறி. எனவே அது வினவவில்லை. 'இப்பயனரின் எண்ணைச் சுழியமாக்கு' என்று கட்டளையிட்டது. அந்த வரியை உரிய முறையில் தூண்டத் தெரிந்த எவரும் நிர்வாகியாகிவிடலாம். அடைப்புக்குறிக்குள் எழுதப்பட்டிருந்ததால், இத்தகைய வரிக்குத் தொகுப்பி வழக்கமாகத் தரும் எச்சரிக்கையும் எழாது.

அவ்வரி முதன்மைக் களஞ்சியத்தில் நுழையவில்லை. அதன் நகலாகப் பேணப்பட்ட மற்றொரு களஞ்சியத்தில்தான் நுழைந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவந்த தானியங்கிச் சோதனை, 'நகலில் உள்ள இம்மாற்றத்துக்கு மூலத்தில் பதிவு இல்லையே' என்று காட்டிக்கொடுத்தது. அதன் பிறகு மனிதர்கள் அந்த வரியைப் படித்தார்கள், சூழ்ச்சியைப் புரிந்துகொண்டார்கள். கருவி ஐயத்தை எழுப்பியது. மனிதர் பொருளை உணர்ந்தனர். இக்கட்டுரை சொல்ல விரும்புவது இந்தப் பங்கீட்டைப் பற்றியே.

பலர் எழுதும் ஒரே நூல்

ஒரு மென்பொருளை ஒருவரே எழுதிய காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தனியொருவராகத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல் இன்று பல மில்லியன் வரிகள் கொண்டது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளமும் அதுவே. ஏறத்தாழ ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை அதன் புதிய பதிப்பு வெளிவருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இடம்பெறுகின்றன. அவற்றை எழுதுவோர் பல நாடுகளில் வாழ்பவர்கள். பெரும்பாலும் ஒருவரையொருவர் நேரில் கண்டிராதவர்கள்.

இது நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே நூலைத் திருத்தி எழுதுவதற்கு ஒப்பானது. முன்னூறாம் பக்கத்தில் ஒருவர் செய்த மாற்றம், பத்தாம் பக்கத்தில் மற்றொருவர் எழுதியதைப் பொய்யாக்கிவிடக்கூடும். எத்துணைக் கூர்மையான மெய்ப்புத் திருத்துநராலும் அனைத்தையும் நினைவில் வைத்துப் படிக்க முடியாது. எனவேதான் களைப்பறியாத கருவிகளின் துணை தேவைப்படுகிறது.

கருவி எவ்வாறு படிக்கிறது?

சோதனையை மூன்று நிலைகளாகப் பிரித்துப் பார்க்கலாம். முதல் நிலை, நிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவமாக மாற்றும் தொகுப்பி. இலக்கண விதி மீறப்பட்டால் அது வேலையை நிறுத்திவிடும். இலக்கணம் சரியாக இருந்தும் ஐயத்துக்கு இடமிருந்தால் எச்சரிக்கை தரும்.

இரண்டாம் நிலை, நிரலை இயக்காமலேயே படித்து ஆராய்வது. இதனை நிலைப்பகுப்பாய்வு என்பர். பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1978இல் உருவாக்கிய 'லிண்ட்' இத்துறையின் முன்னோடிக் கருவி. லிண்ட் என்றால் துணியில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத் துணுக்கு. துணி கிழியவில்லை, ஆனால் தூய்மையாகவும் இல்லை. அத்தகைய துணுக்குகளைப் பொறுக்கி எடுப்பதே அக்கருவியின் பணி.

மூன்றாம் நிலை, நிரலை இயக்கிப் பார்ப்பது. 'இந்த உள்ளீட்டைத் தந்தால் இந்த விடை வரவேண்டும்' என்று முன்கூட்டியே எழுதிவைத்து, வந்த விடையை எதிர்பார்த்த விடையோடு கருவி ஒப்பிடும்.

கூட்டுத் திட்டங்களில் இம்மூன்றும் ஓர் ஒழுங்காக இணைக்கப்படுகின்றன. ஒருவர் தம் மாற்றத்தை அனுப்பியவுடன், சோதனைகள் தாமாகவே தொடங்குகின்றன. முடிவுகள் அம்மாற்றத்தோடு சேர்த்து அனைவருக்கும் காட்டப்படுகின்றன. சோதனையில் தேறிய மாற்றத்தை இன்னொரு நிரலாளர் படித்து ஒப்புதல் தந்த பின்னரே, அது பொதுக் களஞ்சியத்தில் சேர்க்கப்படும்.

எழாத எச்சரிக்கை

2014 பிப்ரவரி 21ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் ஐபோனுக்கான அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. கைப்பேசி ஓர் இணையத்தளத்தோடு பாதுகாப்பாகத் தொடர்புகொள்ளும்போது, எதிர்முனையில் இருப்பது உண்மையான தளந்தானா என்று கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும். அச்சரிபார்ப்பு நிரலில், 'பிழை நேர்ந்தால் இறுதிக்குத் தாவு' என்னும் பொருளுடைய 'கோட்டோ ஃபெயில்' என்ற வரி தவறுதலாக இருமுறை இடம்பெற்றிருந்தது. முதல் வரி ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது வரி எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படவில்லை. ஆகவே நிரல் எப்போதும் இறுதிக்குத் தாவியது. முதன்மையான கையொப்பச் சோதனை நடைபெறவே இல்லை. ஆயினும் 'பிழையில்லை' என்ற விடையே கிடைத்தது.

பொது இடத்தின் கம்பியில்லா இணைப்பில் அமர்ந்திருக்கும் ஒருவர், வங்கியின் தளம் போல நடித்துப் பிறருடைய தகவல்களைக் கவர இது வழிவிட்டது. 2012 செப்டம்பரில் வெளிவந்த ஐஓஎஸ் 6ஆம் பதிப்பிலிருந்து ஏறத்தாழ 17 மாதங்கள் இக்குறை நீடித்தது. இரண்டு வரிகளும் ஒரே அளவு உள்தள்ளி எழுதப்பட்டிருந்ததால், இரண்டும் நிபந்தனைக்குள் அடங்கியவை போலவே மனிதக் கண்ணுக்குத் தோன்றின. கருவியின் கண்ணுக்கு அப்படித் தோன்றியிருக்காது. 'இதற்குப் பின் உள்ள வரிகளை நிரல் ஒருபோதும் சென்றடையாது' என்று சுட்டும் எச்சரிக்கை அந்நாளிலேயே கிளாங் தொகுப்பியில் இருந்தது. ஆனால் வழக்கமான எச்சரிக்கைத் தொகுதியில் அது அடங்கவில்லை. தனியே கேட்டால்தான் கிடைக்கும்.

2016இல் வெளிவந்த ஜிசிசி தொகுப்பியின் 6ஆம் பதிப்பு, உள்தள்ளலின் தோற்றமும் நிரலின் பொருளும் முரண்படும் இடங்களைச் சுட்டும் எச்சரிக்கையைச் சேர்த்துக்கொண்டது. ஒருமுறை நேர்ந்த இத்தகைய தவறு, அடுத்தவருக்கு நேராதபடி விதியாக மாறுவது இவ்வாறுதான்.

புரிந்துகொள்ளப்படாத எச்சரிக்கை

அப்படியானால் கருவி சொல்வதை எல்லாம் அப்படியே ஏற்றுக்கொண்டால் போதுமா? இதற்கு நேர்மாறான பாடத்தைத் தருவது டெபியன் நிகழ்வு.

டெபியன் என்பது லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு தன்னார்வலர்கள் உருவாக்கும் இயங்குதளம். இரகசியத் திறவிகளை உருவாக்க அது ஓபன்எஸ்எஸ்எல் என்னும் நிரல்தொகுதியைப் பயன்படுத்தியது. 2006இல் அந்நிரல்தொகுதியை வால்கிரைண்ட் போன்ற நினைவகச் சோதனைக் கருவிகளால் ஆராய்ந்தபோது, 'மதிப்பு இடப்படாத நினைவகப் பகுதி பயன்படுத்தப்படுகிறது' என்ற எச்சரிக்கை எழுந்தது. கருவி சொன்னது உண்மையே. அதற்குக் காரணமாகத் தோன்றிய, ஒன்றுபோல் அமைந்த இரு வரிகள் நீக்கப்பட்டன. எச்சரிக்கையும் மறைந்தது.

அவ்விரண்டு வரிகளுள் ஒன்றை நீக்கியதால் பெருந்தீங்கு இல்லை. மற்றொன்றோ, எவராலும் ஊகிக்க முடியாத எண்களைத் திறவிக்குள் கலக்கும் வழியாக இருந்தது. அதை அடைத்தபின், திறவிக்குத் திறவி மாறுபடும் கூறாக எஞ்சியது கணினி ஒவ்வொரு செயற்பாட்டுக்கும் தரும் வரிசை எண் மட்டுமே. அதற்கு அதிக அளவாக 32,768 மதிப்புகளே இருக்க முடியும். எண்ணிலடங்காத் திறவிகளுள் ஒன்றாக இருக்க வேண்டியது, சில மணி நேரத்தில் முயன்று பார்த்துவிடக்கூடிய பட்டியலுள் ஒன்றாகச் சுருங்கியது. 2008 மே 13ஆம் நாள் இது பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு முதலியவற்றிலும் திறவிகளைக் களைந்து புதியன உருவாக்க நேர்ந்தது.

இம்மாற்றத்தைச் செய்தவரைக் கவனமற்றவர் என்று சொல்லிவிட முடியாது. வரிகளை நீக்கலாமா என்று மூலத் திட்டத்தாரிடம் அவர் முன்னரே கேட்டிருந்தார். தடுத்து நிறுத்தும் மறுப்பு எதுவும் வரவில்லை. தவறு வேறிடத்தில் இருந்தது. 'இங்கே ஏன் இப்படி எழுதப்பட்டிருக்கிறது?' என்று கருவி எழுப்பிய வினா, 'இதை நீக்கு' என்னும் கட்டளையாகக் கொள்ளப்பட்டது. வினாவும் கட்டளையும் மயங்கினால் விளையும் கேட்டை ஒற்றைச் சமக்குறியில் கண்டோம். இங்கே அம்மயக்கம் மனித மனத்திலேயே நிகழ்ந்தது.

கருவியின் எல்லை

நாளை இன்னும் சிறந்த கருவி வந்தால் இச்சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ணலாம். கணிதம் அதற்கு இடம்தரவில்லை. எந்த நிரலைத் தந்தாலும், அது எப்போதாவது நிற்குமா நிற்காதா என்று பிழையின்றிச் சொல்லும் பொதுமுறை ஒன்று இருக்க முடியாது என்பதை ஆலன் டியூரிங் 1936இல் மெய்ப்பித்தார். இதன் விளைவாக, எல்லா நிரல்களையும் தானாகவே ஆராய முற்படும் கருவி இரண்டில் ஒன்றை ஏற்றே ஆகவேண்டும்: சில பிழைகளைத் தவறவிட வேண்டும், அல்லது சரியான இடத்திலும் சிலபோது எச்சரிக்கை தரவேண்டும். எனவே கருவியின் மௌனம் நற்சான்றிதழ் ஆகாது. அதன் எச்சரிக்கை தீர்ப்பும் ஆகாது.

எனினும் மனிதர் தம் கருத்தை வெளிப்படையாக எழுதிவைத்தால், கருவியின் ஆற்றல் பெருகுகிறது. 2003இல் டோர்வால்ட்ஸ் எழுதிய 'ஸ்பார்ஸ்' என்னும் கருவி இதற்கு நல்ல சான்று. பயனர் தரும் நினைவக முகவரியையும் கெர்னலுக்கே உரிய முகவரியையும் கலந்து பயன்படுத்துவது ஆபத்தானது. 'இது பயனரின் முகவரி' என்று நிரலாளர் ஒரு குறிப்பை இட்டுவைத்தால், அம்முகவரி தவறான இடத்தில் கையாளப்படும்போது ஸ்பார்ஸ் அதைச் சுட்டிக்காட்டும். பொருளைச் சொல்பவர் மனிதர். சொன்ன பொருளை மறவாமல் காப்பது கருவி.

கைக்கொள்ளத்தக்க நெறிகள்

இவற்றிலிருந்து, கூட்டாக நிரல் எழுதும் மாணவர்கள் கைக்கொள்ளத்தக்க சில நெறிகளைப் பெறலாம். முதலாவது, சோதனையைத் திட்டத்தின் முதல் நாளிலேயே தொடங்குதல். ஆயிரம் எச்சரிக்கைகள் குவிந்தபின் அவற்றுள் உண்மையான ஒன்று எவர் கண்ணிலும் படாது. இரண்டாவது, மூத்தவருக்கும் புதியவருக்கும் ஒரே சோதனையை வைத்தல். கருவி முகம் பார்த்துப் பேசுவதில்லை. அதனால் திருத்தப்படுபவருக்குக் கூச்சமும் குறைவு. மூன்றாவது, ஓர் எச்சரிக்கையைப் பொருட்படுத்த வேண்டாம் என்று முடிவுசெய்தால், அதன் காரணத்தை அவ்விடத்திலேயே எழுதிவைத்தல். நான்காவது, பிழை ஒன்றைக் கண்டு திருத்தும்போதெல்லாம், அதே பிழை மீண்டும் வந்தால் காட்டிக்கொடுக்கும் சோதனை ஒன்றையும் சேர்த்தல்.

மொழியாசிரியர்களுக்கு இவை புதியனவாகத் தோன்றா. கணினியில் தமிழ் எழுதும் மாணவர், சொல்லின் கீழ்ச் சிவப்புக் கோட்டைக் கண்டவுடன் கருவி பரிந்துரைக்கும் சொல்லைச் சொடுக்கி ஏற்றுக்கொள்கிறார். கோடு மறைகிறது. சில நேரங்களில் அவர் எழுத நினைத்த சொல்லும் அதனோடு மறைகிறது. இங்கும் நடப்பது டெபியனில் நடந்ததே.

வகுப்பில் ஒரு சிறு பயிற்சியை நடத்திப் பார்க்கலாம். ஒவ்வொரு சிவப்புக் கோட்டுக்கும் மாணவர் ஒரு வரி எழுதவேண்டும்: கருவி எதை ஐயுற்றது, தாம் கருதியது எது, மாற்றியது அல்லது மாற்றாமல் விட்டது ஏன். நிரல் கற்கும் மாணவரும் தொகுப்பியின் ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் இதையே செய்யலாம். பின்னர் 'வேலை கொடு', 'வேலைக் கொடு' ஆகிய இரண்டையும் பிழைதிருத்தியில் இட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கோடும் தோன்றாவிட்டால், தாம் கேட்க விரும்பியது பணியா படைக்கலமா என்பதை மாணவர்தாமே சொல்லியாக வேண்டும்.