விரல் எழுதிய மணல், குண்டு எழுதும் மணல்

தடாவில் மணலுக்குப் பஞ்சமில்லை. பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஊர். ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு. சிலேட்டு வருவதற்கு முந்தைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு மணல்தான் முதல் ஏடு. வாத்தியார் பிள்ளையின் ஆட்காட்டி விரலைப் பிடித்து எழுத்தைப் போட்டுக் காட்டுவார். பிள்ளை அதன் மேலேயே திரும்பத் திரும்பப் போட வேண்டும், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. தப்பினால் உள்ளங்கையால் ஒரு தடவு, மறுபடி முதலிலிருந்து. கை படிந்த பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும்.

தடாவுக்குத் தெற்கே, சென்னை எழும்பூரில், 1789இல் ஆண் அநாதைச் சிறுவர் பள்ளியின் பொறுப்பை ஏற்றார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் குதிரையில் போகும்போது, நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படியே நடத்தச் சொன்னார். ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். எட்டு வயது ஜான் ஃபிரிஸ்கனிடம் வகுப்பை ஒப்படைத்தார். அந்தச் சிறுவன் நடத்திக் காட்டிவிட்டான். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலைதான் அது. 1797இல் பெல் இந்தக் கற்பிக்கும் முறையை லண்டனில் புத்தகமாக்கினார். இங்கிலாந்துப் பள்ளிகளில் மணல் தட்டுகள் வந்தன. 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். அவர் விட்டுச் சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளி இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ்தான். பெல்லின் பெயர் நிலைத்தது; மணலைப் பரப்பிக் கொடுத்த வாத்தியாரின் பெயர் நிலைக்கவில்லை. அது பெரிய அநியாயம்.

இப்போது மணல் மேசைக்கு ஏறியிருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டாக்காரரான புரூஸ் ஷாபிரோ, 2016இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி, 'சிசிஃபஸ்' மேசைகளை வீடுகளுக்குக் கொண்டுவந்தார். கண்ணாடிக்குக் கீழே மெல்லிய மணல், அதன் மேல் ஓர் எஃகுக் குண்டு. படுகைக்கு அடியில் காந்தம் ஏந்திய கரம் நகர, குண்டு இழுபட்டுப் போகிறது. எவ்வளவு கோணம், நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்ற இரண்டு எண்கள் மாறிக்கொண்டே இருந்தால் போதும். தாமரையும் சுருளும் விரிகின்றன. பழைய படத்தை அழிப்பதும் அதே குண்டுதான். பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு அழகு.

ஆனால் அந்தக் குண்டால் மணலைவிட்டு எழும்ப முடியாது. ஒற்றை இழையில் வளையும் கம்பிக் கோலத்தைப் பிசகாமல் போட்டுவிடும். மூன்று தனிப் புள்ளிகளான ஆய்த எழுத்தைப் போட முடியாது. 'க்' என்ற மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைக்கப் போனால் வழியெல்லாம் கோடு விழும். தனி வட்டமாக நிற்கும் தெலுங்குச் சுன்னாவுக்கும் இதே கதி. ஓலையிலும் புள்ளி வைக்காமல்தான் எழுதினார்கள், ஓலை கிழியும் என்று. எழுந்து நகர்ந்து மறுபடி இறங்க, விரலுக்கு மட்டும் தடையே இல்லை.

இன்று அந்த விரலுக்கு மணல் கிடைப்பதில்லை. விஜயதசமியன்று ஒரு தட்டு அரிசியில் ஓரெழுத்து எழுதவைத்து, மறுநாளே பென்சிலைத் திணிக்கிறோம். மேசை வாங்க வசதியுள்ளவர்கள் வாங்கட்டும். தடாப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி மூடாத ஒரு தாம்பாளம் போதும். ஏரிக்கரை மணலில் உப்பு இருக்கும். நாலைந்து தண்ணீர் விட்டு அலசி, வெயிலில் காயவைத்து, சலித்துக் கொடுக்க வேண்டும்.