சந்தா – 17: கேட்டைச் சாத்தியவர்கள்

போலந்தின் வட்டமேசைப் பேச்சுவார்த்தையை இந்த வாரம் விரித்துவிடுகிறேன் என்று போன இதழில் வாக்குக் கொடுத்திருந்தேன். அது சுருட்டியபடியே இன்னும் ஒரு வாரம் கிடக்கட்டும். பிரதி எங்கே என்று ஆசிரியர் ஹட்டனுக்குப் போன் எடுத்தபோது நான் மெழுகுத் துண்டுகளில் வழுக்கி விழுந்து கிடந்தேன். எழும்ப மனமில்லை.

போலந்தில் ஒரு தொழிற்சங்கம் ஒரு கட்சி ஆட்சியைக் கத்தியின்றி இறக்கிய கதையில் நிற்கிறோம். மதிலேறிக் குதித்த மின்தொழிலாளி லெக் வலேசா வரை வந்தாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழை அடுத்த லயத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளவும்.

அந்த மதிலுக்குள்ளே, கதான்ஸ்க் நகரின் லெனின் கப்பல் கட்டும் தளத்தில், அன்னா வலென்டினோவிச் என்றொரு பெண் கிரேன் ஓட்டினார். 1970 டிசெம்பரில் விலையேற்றத்தை எதிர்த்துத் தெருவுக்கு வந்த தொழிலாளர்களை, தொழிலாளர் அரசு என்று பெயர் வைத்துக்கொண்ட அரசே சுட்டது. பால்டிக் கரையோர நகரங்களில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். பகிரங்கமாக நினைவுகூரத் தடை. கல்லறைகளில் ஊரார் ஏற்றி எரிந்து மிஞ்சிய மெழுகைப் பொறுக்கி, அதை உருக்கி, செத்தவர்களுக்குப் புது மெழுகுவர்த்தி வார்க்கப் பார்த்தார் அன்னா. பிடித்தார்கள். குற்றம்: களவு.

மெழுகுக் களவு! மாரியம்மன் கோயில் வாசலில் எரியாமல் மிஞ்சிய சூடத்தைப் பொறுக்குகிற பிள்ளைகளை எல்லாம் அப்படியென்றால் உள்ளே போட்டிருக்க வேண்டும். முதல் ஆளாக என்னை.

1980 ஓகஸ்ட் 7இல், பென்ஷனுக்கு ஐந்தே மாதம் இருக்கையில், அன்னாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். 14ஆம் திகதி விடிகாலையிலேயே தளம் நின்றது. முதல் கோரிக்கைகளில் ஒன்று அன்னாவைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பது. எடுத்தால் போதாது, இப்போதே இங்கே கொண்டுவா என்றார்கள். தளத்து நிர்வாகியின் காரையே அனுப்பி வீட்டிலிருந்து அழைத்துவந்தார்கள்.

இதை எங்கள் பக்கத்தில் வேலையை விட்டு நின்றுவிட்ட ஒரு அப்பாயிடம் சொன்னேன். நாற்பது வருசம் கொழுந்தெடுத்த கை.

"தொரை காருலயா? முன் சீட்டா, பின் சீட்டா?"

"அதுல என்ன இருக்கு அப்பாயி?"

"இருக்குப்பா. பின்னாலனா சீக்காளியையும் ஏத்துவாங்க, பொணத்தையும் ஏத்துவாங்க."

பிள்ளைப்பேற்றுக்கு லொறியின் பின்னால் ஏற்றிக்கொண்டு போகப்பட்டவர் அவர். கேட்பதற்கு உரிமை உண்டு.

இனித்தான் இந்த வாரம் என் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். ஓகஸ்ட் 16, சனிக்கிழமை. நிர்வாகம் சம்பள உயர்வுக்கு இறங்கிவந்தது. வலேசா வேலைநிறுத்தம் முடிந்தது என்று அறிவித்துவிட்டார். ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆனால் இவர்களை நம்பி நகரத்தில் வேறு வேலைத்தலங்களும் வேலையை நிறுத்தியிருந்தன. ட்ராம் ஓட்டுநர் ஹென்றிகா க்ஷிவோனோஸ் பாய்ந்து வந்தார். நீங்கள் விட்டுப்போனால் எங்கள் கதை முடிந்தது, பஸ்ஸை வைத்துக்கொண்டு டாங்கியோடு மோத முடியுமா என்று கேட்டார். அன்னாவும் தாதி அலினா பியென்கோவ்ஸ்காவும் கேட்டுகளுக்கு ஓடினார்கள். ஒலிபெருக்கி கைகொடுக்கவில்லை. அலினா ஒரு பீப்பாய்மேல் ஏறி நின்று கத்தினார். பெரும்பாலோர் ஏற்கெனவே வெளியே போய்விட்டிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களை வைத்துக் கேட்டைச் சாத்தினார்கள்.

அன்றிரவு எல்லா வேலைத்தலங்களுக்கும் சேர்த்து ஒரு பொதுக்குழு பிறந்தது. அது எழுதியவைதான் 21 கோரிக்கைகள், அதில் முதலாவது சுதந்திரமான சங்கம். ஓகஸ்ட் 31இல் அரசு கையெழுத்துப் போட்டது. அப்படிப் பிறந்த சங்கம்தான் சொலிடாரிட்டி, ஒரு கோடிப் பேர் அதில் சேர்ந்தார்கள். அந்தச் சனிக்கிழமை கேட்டு திறந்தே கிடந்திருந்தால் எல்லாம் கொஞ்சம் சம்பள உயர்வோடு முடிந்திருக்கும். நோபல் பரிசு 1983இல் வலேசாவுக்குப் போனது. பீப்பாய்மேல் நின்றவர் பெயரைச் சொல்லச் சொன்னால் நம் ஜில்லாத் தலைவர்களில் எத்தனை பேர் சொல்வார்கள்?

அவர்களை ஏன் இழுக்கிறேன் என்றால், மலையில் கொழுந்தெடுப்பது பெரும்பாலும் பெண்கள். மாதாமாதம் சந்தா பிடிபடுவது அவர்கள் சம்பளத்தில். மேடையில் மாலை வாங்குவது யார் என்பதை மேதினத்தன்று ஹட்டன் பக்கம் வந்து பார்த்துக்கொள்ளலாம். 'மாதர் தலைவி' என்று ஒரு பதவி உண்டு. மாலையைக் கோத்து எடுத்துவருகிற பதவி.

சூடத்தைச் சொன்னேனே, அந்தப் பழக்கம் எனக்கு உச்சத்துக்குப் போனது 1986இல். அந்த வருசம் ஜனவரி 14, தைப்பொங்கலன்று பிரார்த்தனைப் போராட்டம் தொடங்கியது. சாஸ்திரி-சிறிமா ஒப்பந்தமும் 1974 ஒப்பந்தமும் மலையகத் தமிழரை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கு போட்டு முடித்தபின் எந்த நாட்டுக் கணக்கிலும் சேராமல் நின்றவர்கள் 94,000 பேர். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் தொண்டமானோ அரசாங்கத்தில் அமைச்சர். வேலைநிறுத்தம் என்றால் தன் அமைச்சரவைக்கு எதிராகத் தானே கொடி பிடிப்பதாகும். சாமி கும்பிடச் சொன்னால்? கும்பிடுவதைத் தடுக்க எந்தச் சட்டத்தை எடுப்பது? இந்தத் தந்திரத்தை எண்ணி இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

காலையில் மலைக்குப் போகவில்லை, பிரார்த்தனை. தேயிலை பொறுக்காது, வாரத்துக்கு ஒருதரம் எடுக்க வேண்டிய மலையைத் தள்ளிப்போட்டால் கொழுந்து முற்றிவிடும், பெக்டரியில் அதற்கு மதிப்பில்லை. எங்கள் பிரட்டுக்களத்தில் அம்மா கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் சூடத்தட்டை வைத்தாள். கங்காணி பேர்க் கொப்பியைக் கக்கத்தில் இடுக்கியபடி, கும்பிடுவதா எண்ணுவதா என்று தெரியாமல் நின்றார். மூன்று மாதத்துக்கென்று போட்ட திட்டம். அவ்வளவு நாள் வேண்டியிருக்கவில்லை. அந்த வருசமே அந்த 94,000 பேருக்கும் குடியுரிமை கொடுக்கச் சட்டம் வந்தது. ஆட்சி ஒன்றும் விழவில்லை, உண்மைதான். ஆனால் கதான்ஸ்க்கின் கேட்டில் பூவும் போப்பாண்டவர் படமும் தொங்கும் புகைப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூடைதான் ஞாபகம் வருகிறது.

இடம் முடிகிறது. 1981 டிசெம்பர் 13இல் வந்த இராணுவச் சட்டத்தையும், 1989 ஜூன் தேர்தலில் செனட்டின் 100 ஆசனங்களில் 99ஐச் சொலிடாரிட்டி அள்ளியதையும் தனித்தனியாகத்தான் சொல்ல வேண்டும். நடுவில் அந்த வட்டமேசை. குறுக்களவு சுமார் 9 மீற்றர். எதிர்ப்பக்கம் துப்பினால் எட்டக்கூடாது என்றுதான் அவ்வளவு அகலம் என்று அங்கே ஒரு பகடி உண்டு. அதில் அன்னாவுக்கு நாற்காலி இல்லை. அவருக்கு அந்தப் பேச்சுவார்த்தையே பிடிக்கவில்லை. வலேசாவோடு எப்போதோ முறைத்துக்கொண்டுவிட்டார். ஏன் என்பது அடுத்த வாரம். ஆசிரியரிடம் சூடம் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன்.