நெய்வேலி வாசலில் ஜனநாயகம்

ஷிப்ட் மாறும் நேரத்தில் தொழிற்சாலை வாசலில் நடக்கும் கூட்டத்தைத் தொழிற்சங்கத்தார் வாயிற்கூட்டம் என்பார்கள். வேலை முடிந்து வருகிறவர் சைக்கிளை ஊன்றிக்கொண்டு நிற்பார். சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்துக் கோரிக்கைகளை அடுக்குவார். நெய்வேலி போன்ற தொழில் நகரத்துக்கு ஜனநாயகம் என்றால் முதலில் இதுதான்.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை பிறந்தது. சென்னையில் கலைஞர் ஆட்சி இருந்ததால் முதல் ஏழு மாதம் தமிழ்நாட்டில் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. 1976 ஜனவரி 31இல் அந்த ஆட்சியும் கலைக்கப்பட்டது. பிறகு மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் கைதுகள், பத்திரிகைத் தணிக்கை. தொழிலாளிக்கு அடி விழுந்தது கூலியில். 8.33 சதவீதமாக இருந்த குறைந்தபட்ச போனஸ், ஓர் அவசரச் சட்டத்தால் 4 சதவீதமானது. பஞ்சப்படி உயர்வில் பாதியைக் கட்டாய வைப்பாகப் பிடிப்பது 1974லேயே தொடங்கியிருந்தது. ஏன் என்று கேட்கத்தான் வழியில்லாமல் போயிற்று.

இதெல்லாம் ஒரு துப்பாக்கிச் சத்தமும் இல்லாமல் மாறியதை இன்று நினைத்தாலும் எனக்கு வியப்புத்தான். 1977 மார்ச்சில் வாக்குச்சீட்டு பிரதமர் இந்திரா காந்தியை இறக்கியது. தமிழ்நாடு அவருடைய கூட்டணிக்கே 39இல் 34 இடம் கொடுத்தது என்பதையும் மறைக்கக் கூடாது. நாட்டின் தீர்ப்பு வேறாக இருந்தது; அவர் பதவி விலகினார். 8.33 சதவீதம் அந்த ஆண்டே திரும்பி வந்தது. 1978இல் வந்த 44ஆவது திருத்தம், 'உள்நாட்டுக் குழப்பம்' என்று சொல்லி நெருக்கடி நிலை கொண்டுவரும் வழியை அடைத்தது.

2006 ஜூலையில் நெய்வேலியின் பொதுத்துறை நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் 10 சதவீதப் பங்கை விற்க மத்திய அரசு முனைந்தபோது நெய்வேலித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூட்டணியில் இருந்த தி.மு.க.வும் எதிர்த்தது. பிரதமர் மன்மோகன் சிங் நாடு முழுவதும் பங்கு விற்பனையையே நிறுத்திவைத்தார். 2013இல் பிரச்சினை மறுபடி கிளம்பியது, மறுபடி போராட்டம். விற்பனைக்கு வந்த 3.56 சதவீதத்தைத் தமிழக அரசு நிறுவனங்களே வாங்கிக்கொண்டன. நெருக்கடி நிலையில் சிறைக்கு அனுப்பியிருக்கும் வேலைநிறுத்தம், டெல்லியின் முடிவையே மாற்றியது.

ஆனால் இந்தக் குரல் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. நிரந்தரத் தொழிலாளிக்குக் கிடைத்த செவி, ஒப்பந்தத் தொழிலாளிக்கு எளிதில் கிடைப்பதில்லை. நிலம் கொடுத்த கிராமங்களுக்கு அதைவிடக் குறைவு. 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில் நிறுவனத்துக்காகக் கால்வாய் வெட்ட, விளைந்து நின்ற நெல்லுக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. அரசு கையகப்படுத்திய நிலம்தான், சட்டமும் துணை நின்றது. கொஞ்ச நாள் பொறுத்து அறுவடைக்கு விட்டிருக்கலாம்.

2011இல் நெய்வேலி என்ற பெயரிலேயே சட்டமன்றத் தொகுதி முதல் தேர்தலைக் கண்டது. ஆனால் நிறுவனத்தின் குடியிருப்பான நகரியத்துக்குள் மட்டும் தெருவிளக்கும் குடிநீரும் நிறுவனத்தின் நகர நிர்வாகத்தின் கையில். தங்கள் வட்டத்துக்கென்று ஒரு கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நகரியக் குடும்பங்களுக்கு இல்லை. அந்தத் தேர்தலும் வர வேண்டும்.